மானிட்டர் வேண்டாம் என்ற அக்கா

2002-ஆம் வருடம், ஆவணி மாதம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு எந்த பஸ் எந்த ஊருக்குப் போகும் என்பது அதன் நிறத்தை வைத்துத்தான் தெரியும். அதனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அன்று கடை திறந்த சற்று நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், துண்டால் சுற்றிய சி.பி.யு.வைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினார். அவர் தோளைப் பிடித்தபடி அவருடைய மகள் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் மடித்த வெள்ளைக் குச்சி. பிறவியிலேயே கண் தெரியாதவர்.

நான் பெரியவரைப் பார்த்துக் கேட்டேன். "இன்னாங்க கம்ப்ளைன்ட்?"

"எனுக்கு இன்னா தெரியும் தம்பி? நான் சோடாக் கடக்காரன். அதுங்கிட்ட கேளு."

அக்காதான் சொன்னார். "பேச மாட்டேங்குது தம்பி. ஆன் பண்ணா உள்ள ஓடற சத்தம்லாம் கேக்குது. அப்பறம் பேசாம நின்னுடுது."

திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஆசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, ஊருக்குத் திரும்பும்போது அதை அக்காவுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்தவர்.

"மானிட்டர்ல பொகை வந்துச்சு. அப்பா பயந்துக்கினு அதப் புடுங்கி ஓரமா வெச்சுட்டாரு. அன்னியிலருந்து..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குறுக்கே புகுந்தேன்.

"மானிட்டர் இல்லாம ஒரு கம்ப்யூட்டராக்கா? மொதல்ல அதை வாங்கிடுங்க."

"எனக்கு எதுக்கு தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை நான் திரும்பக் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் வராத பெட்டி எது வந்தாலும், ஜாப் கார்டில் "நோ டிஸ்ப்ளே" என்று எழுதிவிடுவோம். வருகிற கம்ப்ளைன்ட்டில் பாதி அதுதான். என் கை அன்றைக்கும் அதையே எழுதியது. டிஸ்ப்ளேயே தேவைப்படாத ஒருவரின் கார்டில் அப்படி எழுதுகிறோமே என்று எனக்கு உறைக்கவில்லை. கார்டைப் பெரியவரிடம் நீட்டி, "கையெழுத்து போடுவீங்களா, இல்ல இங்க் பேட் தரட்டா?" என்றேன்.

"எங்கிட்ட குடு தம்பி. எந்த எடத்துல போடணும்?" என்று அக்கா கையை நீட்டினார். நான் அவர் விரலை எடுத்துவைத்துக் காட்ட, அழகாக ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டார்.

போவதற்கு முன் ஒரு விஷயம் சொன்னார். ஆசிரமம் பகுதியில் இருந்த ஒரு டிரஸ்ட் அலுவலகம், ஆங்கிலச் சொற்பொழிவுகள் பதிந்த பன்னிரண்டு கேசட்டுகளை அவரிடம் கொடுத்திருந்தது. கேட்டு டைப் செய்து, பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்குள் ஃபிளாப்பியில் தர வேண்டும். சரியாக வந்தால் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டு கேசட் முடிந்துவிட்டது. மீதி நான்கு. ஒரு கேசட்டுக்கு ஒரு நாள். பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"கவலப்படாதீங்கக்கா. ரெண்டு நாள்ல ரெடி" என்றேன்.

அவர்கள் போனதும் பெட்டியை மேசைமேல் வைத்து கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாம் மாட்டி ஆன் செய்தேன். ஜம்மென்று வந்தது. ஸ்பீக்கரை மாட்டினால் அந்த இங்கிலீஷ் குரல் கடகடவென்று பேசியது. ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று உள்ளே இருந்த ராம் எனும் நினைவக அட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். இரண்டு நாள் கழித்து அவர்கள் வந்தபோது, "சரி பண்ணிட்டேன்" என்று சொன்னேன். நான் எதையும் சரி செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

மறுநாளே பெட்டி திரும்பி வந்தது. அதே கம்ப்ளைன்ட். இந்த முறை சவுண்டுக்கான மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். பத்து முறை அணைத்து அணைத்துப் போட்டேன். பத்து முறையும் பேசியது. எனக்கு எரிச்சல் வந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "கஸ்டமர் வூட்ல இன்னாத்தயோ அழுத்தி வெச்சிருப்பாங்கபா. நல்லா இருக்குதுனு எழுதி அனுப்பு."

அதற்கும் மறுநாள் பெட்டியை எடுக்க வந்த பெரியவரிடம் நான் சொன்னேன். "மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க. அவங்க மாத்தி அழுத்துறாங்க போல. பாத்து அழுத்தச் சொல்லுங்க."

அக்கா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, "தம்பி, நான் இங்கதான் இருக்கேன். எங்கிட்டயே சொல்லு" என்றார்.

எனக்கு முகம் சுருங்கியது. ஆனால் நான் சொன்னது தப்பு என்று அப்போதும் தோன்றவில்லை. கார்டில் "செக் செய்யப்பட்டது, நன்றாக உள்ளது" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர்கள் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவருக்குக் காய்ச்சல் என்பதும், தனியாகப் பெட்டியைத் தூக்கி வர முடியாமல் அக்கா வீட்டில் தவித்தார் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

பௌர்ணமி வந்தது. காலையிலேயே திதி பிறந்துவிட்டதால் கூட்டம் அப்போதே ஜாஸ்தி. கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பத்தரை மணி இருக்கும். கடை வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன். பெரியவர் தலையில் சும்மாடு கோலி, அதன்மேல் அந்தப் பெட்டி. பின்னால் அக்கா. இருவருக்கும் காலில் செருப்பில்லை. அவர்கள் வீடு இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் போக, இவர்கள் மட்டும் அதற்கு எதிரே ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இடிபட்டு வந்திருக்கிறார்கள்.

பெரியவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பொறந்ததுலருந்து இந்தப் பாதையில நான் எதிர்சுத்து வந்ததில்ல தம்பி. இன்னிக்கி வந்துட்டேன். அவன்தான் மன்னிக்கணும்."

மாதத்தில் அவருக்கு வியாபாரம் நடப்பதே பௌர்ணமி அன்றுதான். அந்த நாளில் சோடாக் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "தம்பி, பெட்டி வந்ததும் நீ மொதல்ல இன்னா செய்வே? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"மேசைமேல வெப்பேன்க்கா. கீபோர்டு மாட்டுவேன். மவுஸ் மாட்டுவேன். மானிட்டர் மாட்டுவேன். அப்பறம் ஆன்..."

"நில்லு. மானிட்டரா? எங்க வூட்ல ஏது மானிட்டர்?"

"மானிட்டர் இல்லாம நான் எப்படிக்கா பாக்கறது?"

"நீ பாக்க வேணாம். கேளு."

மானிட்டரை மாட்டாமல் ஆன் செய்தேன். விசிறி சுற்றியது. ஹார்டு டிஸ்க் கரகரவென்று ஓடியது. பிறகு நின்றது. நானும் பெரியவரும் மூச்சுக்கூட விடாமல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வெளியே ரோட்டில் அரோகரா சத்தம் மட்டும் கேட்டது.

"தோ, இதான். இதத்தான் ஒம்போது நாளா சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் அக்கா.

அந்தக் கோளாறு முதல் முறையாக என் எதிரே வந்து நின்றது. இத்தனை நாளும் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் செய்த முதல் காரியமே அதை மறைத்துக்கொண்டிருந்தது. மானிட்டரை மாட்டிவிட்டு ஆன் செய்தால் அது மறைந்துவிடும். மானிட்டர் இல்லாமல் ஆன் செய்தால் திரும்பி வந்துவிடும்.

"இப்ப உன் மானிட்டர மாட்டு. இது வாய மூடிக்கினு இன்னா சொல்லுதுனு படி."

மாட்டினேன். திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி. திரை அமைப்பில் கோளாறு இருக்கிறது, சரிசெய்ய ஓகே அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தமிழில் சொன்னேன்.

அக்கா சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. "மானிட்டர் இல்லன்ற சேதிய மானிட்டர்லியே எழுதிப் போட்டா யாரு படிக்கறது?"

ஓகே அழுத்தினாலும் படிக்கும் மென்பொருள் எழவில்லை. திரை இருக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டர் நம்பினால்தான் அதுவும் எழும். எல்லாக் கம்ப்யூட்டரும் இப்படி இல்லை. இந்தப் பெட்டி இப்படி இருந்தது.

அப்போதுதான் நான் படித்த படிப்பு கொஞ்சம் உதவிக்கு வந்தது. மானிட்டர் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கம்பிகள் மானிட்டருக்குப் போகின்றன. கம்ப்யூட்டர் எழும்போது அதில் லேசாக மின்சாரத்தை விட்டு, மறுமுனையில் ஏதாவது கனம் தெரிகிறதா என்று பார்க்கும். இருட்டுக் கிணற்றில் வாளியை விட்டு, கயிற்றில் கனம் தட்டுகிறதா என்று பார்ப்பது போல. தட்டினால் ஆள் இருக்கிறது என்று பொருள். படம் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. கனம் தெரிந்தால் போதும்.

பக்கத்து டி.வி. மெக்கானிக் கடைக்கு ஓடி, அந்தக் கனத்தை மானிட்டருக்குப் பதிலாகக் காட்ட எழுபத்தைந்து ஓம் ரெசிஸ்டர் மூன்று வாங்கி வந்தேன். அரிசி மணியை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஒரு பழைய மானிட்டர் ஒயரின் ப்ளக்கை வெட்டி எடுத்து, மூன்று கம்பிகளிலும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன்.

முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். "மானிட்டர் விக்கற கடையில உக்காந்துக்கினு மானிட்டரே வேணாம்னு ஒரு சாமான் செய்றியே, வெளங்கிடும் நம்ம பொழப்பு." சொன்னாலும் தடுக்கவில்லை.

முதல் முறை தவறாகப் பற்றவைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் மௌனமாகவே நின்றது. எடுத்து, திரும்பச் செய்தேன். மாட்டி ஆன் செய்தேன். கரகரவென்று ஓடியது. நின்றது. பிறகு அந்த இங்கிலீஷ் குரல், எதுவுமே நடக்காதது போலப் பேச ஆரம்பித்தது. பெரியவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா அந்த ப்ளக்கைக் கேட்டு வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "இத்தனூண்டுக்கா தம்பி, இத்தன நாளு?"

மணி இரண்டு. கெடுவுக்கு இன்னும் இருபது மணி நேரம். மீதி நான்கு கேசட். முதலாளியிடம் சொல்லிவிட்டு, பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தேன். இந்த முறை கூட்டம் போகும் திசையிலேயே போனோம். "இப்பதான் சரியான சுத்து" என்று பெரியவர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். பெட்டி கனத்தது. கழுத்து வலித்தது. இதைக் காய்ச்சல் விட்டும் விடாத உடம்போடு அவர் தூக்கி வந்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க நடை ஓடவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தப்பால் அவருக்கு வேலை போகக் கூடாது என்று ஒரு முடிவு எடுத்தேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கே சைக்கிளில் அந்த டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போய், பொறுப்பாளரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, அந்த அக்காவுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டார். "பரவாயில்லப்பா. கண்ணு தெரியாத பொண்ணு, கம்ப்யூட்டர், ரிப்பேருனு இருந்தா ரொம்ப சிரமம்தான். எங்களுக்கும் ஆரம்பத்துலருந்தே யோசனையா இருந்துது. வேற ஆளப் பாத்துக்கறோம், அவங்கள கஷ்டப்பட வேணாம்னு சொல்லு" என்றார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பேசப் பேச என் வார்த்தையே எனக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு அக்கா கடைக்கு வந்தார். குச்சியைத் தட்டிக்கொண்டு, தனியாக. இரவு முழுக்க உட்கார்ந்து இன்னும் இரண்டு கேசட்டை முடித்து, மீதி இரண்டுக்கு ஒரே ஒரு நாள் கேட்கலாம் என்று பத்து மணிக்குச் சரியாகப் போயிருக்கிறார். வாசலிலேயே, "அந்தத் தம்பி வந்து எல்லாம் சொல்லிட்டாரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஃபிளாப்பியைக்கூட வாங்கவில்லை.

"நான் பேச வேண்டிய எடத்துல நீ இன்னாத்துக்குப் போயி பேசுன? எனக்கு வாய் இல்லியா?"

"உங்களுக்காகத்தான்க்கா போனேன்."

"எனக்காக எனக்காகனு சொல்லிக்கினு எல்லாரும் என்னத் தாண்டித்தான் பேசறீங்க. மெஷின் ரிப்பேர்னா எங்கப்பாகிட்ட சொல்றே. வேலைனா அந்த ஆபீஸருகிட்ட சொல்றே. நடுவுல நான் ஒருத்தி இருக்கறது உனக்குத் தெரியவே தெரியாதா தம்பி?"

குரலை உயர்த்தவில்லை. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

பத்தாவது படிக்கும்போது ஒரு சான்றிதழுக்காக அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்தவர், எதிரே கைகட்டி நிற்கும் அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார், உங்க அப்பாவுக்கு எவ்வளவு நிலம் என்று. அப்பா வாயைத் திறந்து பின் மூடிக்கொண்டார். அந்த முகத்தை வாழ்நாளில் மறக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். நாலு எழுத்துப் படித்து, ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும், நானே அந்த ஆளாகிவிட்டிருந்தேன்.

"தப்புதான்க்கா" என்றேன்.

அக்கா மீதி இரண்டு கேசட்டையும் முடித்து, அதற்கடுத்த நாள் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். எடுத்த வேலையை முடிக்காமல் விடுவது தன் வழக்கமில்லை என்றார். வாங்கிக்கொண்டார்கள். வேலை தரவில்லை. நான் போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா, அல்லது முன்பே வேறு முடிவு எடுத்துவிட்டார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் நாளே அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை நான் முழுசாகக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அது மட்டும் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு வேலூரில் ஒரு நிறுவனத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் கடைக்கு வந்து, அந்த ப்ளக்கை என் மேசைமேல் வைத்தார்.

"அங்க கம்ப்யூட்டரோட மானிட்டரும் தர்றாங்களாம். யாரு பாக்கப் போறாங்கனுதான் தெரியல" என்று சிரித்தார். இந்த முறை அது நல்ல சிரிப்பு. "நீயே வெச்சிக்கோ தம்பி."

வைத்திருக்கிறேன். இப்போது வேங்கிக்கால் பக்கம் சொந்தமாக ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். எந்தப் பெட்டி வந்தாலும் உடனே கை வைப்பதில்லை. கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் உட்காரச் சொல்லி, அவர் வாயாலேயே கடைசி வரை சொல்லவிட்டுப் பிறகுதான் ஒயரைத் தொடுகிறேன்.

மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த ப்ளக் கண்ணில் படும். அது செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: இங்கே ஒருவர் இருக்கிறார் என்று தெரிவிப்பது. அரிசி மணி அளவு மூன்று ரெசிஸ்டர்கள் செய்த அந்தக் காரியத்தை, ஒருவர் என் எதிரிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தும், ஒன்பது நாள் என்னால் செய்ய முடியவில்லை.